பிஸ்கட்டுக்குப் புதைத்த வேலி

அம்மா அந்தக் கழுத்துப் பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்த இரண்டு எஃகு முனைகளையும் கட்டை விரலால் தடவினாள். "என்னட்டி இது, வாயில்லா ஜீவனுக்குக் கரண்டு வைக்கியா?"

அம்மாவுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம், மலையடிவாரம். அங்கே மின்வேலி என்றால் ஒரே அர்த்தம்தான். காட்டுப்பன்றி இறங்காமல் இருக்க, ராத்திரி வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, திருட்டுத்தனமாக லைனில் இருந்து கரண்டு இழுத்துவிடுவது. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வந்தவர் தெரியாமல் மிதித்துச் செத்த கதைகள் அவளுக்கு நிறையத் தெரியும். வட கரோலைனாவில், ராலே நகருக்குப் பக்கத்துப் புறநகர்த் தெருவில், தன் மகளும் அதையே செய்யப் போகிறாள் என்று பயந்துவிட்டாள். "இது அது இல்லம்மா" என்று ஆரம்பித்து விளக்கினேன். சொல்லி முடிக்கும்போது எனக்கே அவ்வளவு உறுதியாக இல்லை.

பிஸ்கட் காப்பகத்தில் இருந்து வந்தவன். பெயரும் அங்கே வைத்ததுதான், மாற்ற மனசு வரவில்லை. (அம்மா மட்டும் பிஸ்கோத்து என்பாள். அதற்கும் வாலாட்டுவான்.) ட்ரீயிங் வாக்கர் கூன்ஹவுண்ட் என்ற வேட்டை இனமும் வேறு எதுவோ ஒன்றும் கலந்த நாய். ரக்கூன் என்ற, மரம் ஏறும் காட்டு விலங்கைத் துரத்தி மரத்தில் ஏற்றிவிட்டு, வேட்டைக்காரர் வரும்வரை அடியில் நின்று குரல் கொடுப்பதற்கென்றே வளர்த்தெடுத்த இனம் அது. 27 கிலோ. மூக்கு தரையில் பட்டுவிட்டால் காது கேட்காது. மான், அணில், கூரியர் வண்டி, எது போனாலும் பின்னாலேயே போய்விடுவான்.

வேலி போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு, எச்.ஓ.ஏ என்பார்கள், ஒரு விதிப் புத்தகம் உண்டு. கம்பி வலை வேலி கூடவே கூடாது. மற்ற வேலிகள் பின்பக்கம் மட்டும், அதுவும் விண்ணப்பித்து அனுமதி வாங்கி. எங்களுடையது மூலை வீடு. கொல்லையின் ஒரு பக்கம் தெருவைப் பார்த்து இருக்கிறது என்று முதல் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். வேலிக்காரர் சொன்ன விலை 9,000 டாலர். கண்ணுக்குத் தெரியாத நாய் வேலி, ஒயரை நாமே மண்ணில் புதைத்துக்கொள்ளும் கிட், 300 டாலருக்குக் கிடைத்தது. முடிவெடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இன்று யோசித்தால் அந்த அரை மணி நேரம்தான் முதல் தப்பு.

இது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா பயந்த மாதிரி புதைக்கிற ஒயரைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. கார் ஷெட் சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதுதான் டிரான்ஸ்மிட்டர். அதில் இருந்து கிளம்பும் ஒயர் வீட்டு எல்லையைச் சுற்றி வந்து அதே பெட்டியில் முடிய வேண்டும். அந்த ஒயர் முழுக்க ஒரு மெல்லிய ரேடியோ அலை ஓடும். நாயின் கழுத்தில் இருக்கும் ரிசீவர் ஒயரை நெருங்கும்போது அலையைப் பிடித்து முதலில் பீப் என்று கத்தும். மேலும் போனால் ரிசீவரின் பேட்டரியில் இருந்தே அந்த இரண்டு முனைகள் வழியாகக் கழுத்தில் ஷாக். ரிச்சர்ட் பெக் என்ற அமெரிக்கர் 1973-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இதை எல்லாரும் 'இன்விசிபிள் ஃபென்ஸ்' என்பார்கள், அது உண்மையில் ஒரு கம்பெனியின் பிராண்டு. ஜெராக்ஸ் மாதிரி, இப்போது எல்லாவற்றுக்கும் அதே பெயராகிவிட்டது.

நாய்க்குப் போடும் முன்னால் என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். நடு அளவில் வைத்து ஒயர் பக்கம் நடந்தேன். வலி என்று சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் கம்பளி மேல் நடந்து கதவுக் குமிழைத் தொட்டால் சுரீர் என்று இருக்குமே, அது போல. ஆனால் அடுத்த சுரீர் எப்போது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன் பாருங்கள், அந்த இரண்டு விநாடி பிடிக்கவே இல்லை. விற்பவர்கள் எல்லாரும் 'லேசான கூச்சம்தான்' என்கிறார்கள். எவ்வளவு வலி என்பதை மட்டும் அளக்கிறார்கள். எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று புரியாமல் நிற்பதை எந்த எண்ணில் அளப்பது?

ஒயர் புதைப்பது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் இந்த ஊர்ச் செம்மண் காய்ந்தால் செங்கல். மழை பெய்த மறுநாள் தோண்டினோம். மூன்று விரல்கடை ஆழம் போதும். அதற்கே முதலில் 811-க்கு போன் பண்ணியாக வேண்டும். மண்ணுக்குள் கேஸ் குழாய், கேபிள் எல்லாம் எங்கே போகிறது என்று இலவசமாக வந்து கலர் பெயின்ட்டில் கோடு போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கோடுகளால் எங்களுக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. கேபிள் லைனுக்குப் பக்கத்திலேயே இணையாக நம் ஒயரை ஓடவிட்டால் அலை அதிலும் தொற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். தெரிந்த ஒரு வீட்டில் நாய் திடீரென்று டிவி இருக்கும் மூலைக்குப் போகவே மறுத்தது. காரணம் இதுதான், கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. அதனால் வீட்டுக்குள் வந்ததும் பட்டையைக் கழற்றிவிடுங்கள். அப்புறம், டிரான்ஸ்மிட்டரில் இருந்து எல்லை வரை போகிற இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று நெருக்கமாக முறுக்கிக் கொண்டுபோக வேண்டும். முறுக்கினால் இரண்டிலும் ஓடும் அலை ஒன்றையொன்று அடித்துவிடும், நாய் அதைத் தாண்டலாம். நாங்கள் தளர்வாக முறுக்கியதால் வாசல்படி அருகிலேயே பீப் அடித்தது.

பெட்டியோடு 50 வெள்ளைக் கொடிகள் வரும். எல்லை நெடுக நட வேண்டும். இந்தக் கொடிகள்தான் முழு விஷயமும். ஒயரை நாயால் பார்க்க முடியாது, கொடியைப் பார்க்கும். நீளமான கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஷாக்கை அணைத்து வெறும் பீப் மட்டும் வைத்து, கொடிப் பக்கம் கூட்டிப்போய், பீப் கேட்டதும் திரும்பவைத்து, திரும்பியதும் கோழித் துண்டு. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை, குறைந்தது இரண்டு வாரம். அதற்குப் பிறகுதான் ஷாக்கையே தொட வேண்டும், அதுவும் குறைந்த அளவில், கயிற்றோடு. பிறகு கொடிகளை ஒன்று விட்டு ஒன்றாக எடுக்கலாம்.

நாங்கள் எத்தனை நாள் செய்தோம்? நான்கு. ஐந்தாம் நாள் ஷாக்கைப் போட்டுக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டோம். கொடியைத் தாண்டிக் கால் வைத்தான். நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் கத்திக்கொண்டு வாசல்படிக்கு ஓடி வந்து, என் காலுக்கு அடியில் புகுந்துகொண்டான். அன்று முழுக்கக் கொல்லைப் பக்கமே போகவில்லை. மறுநாள் ஒன்றுக்குப் போகக்கூடப் படியை விட்டு இறங்கவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டான், எல்லைக்கு நாலு அடி முன்னாலேயே நின்றுவிடுவான். நாங்களும் 'வேலை செய்கிறது' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

இரண்டு மாதம் அப்படித்தான் போனது. ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்துத் தெருப் பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடி வந்தாள். பிஸ்கட்டுக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம், வந்தால் கட்டாயம் தலையைத் தடவிவிட்டுத்தான் போவாள். வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடினான், சந்தோஷத்தில் பீப் காதில் விழவில்லை போல. சரியாகத் தள்ளுவண்டியை எட்டிப் பார்த்த நேரத்தில் ஷாக். அடுத்த நாள் அதே வண்டி தெரு முனையில் தெரிந்ததும் முதுகு மயிர் நட்டுக்கொண்டது, குரைத்தான். பத்து நாளில் எந்தத் தள்ளுவண்டியைப் பார்த்தாலும் பல்லைக் காட்டினான். பிறகு சைக்கிள். பிறகு சின்னப் பிள்ளைகள்.

பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தோம். தோட்டத்தில் நின்று கால் மணி நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "எல்லையைத் தாண்டியதால் ஷாக் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஷாக் அடித்தபோது கண் முன்னால் என்ன இருந்ததோ அதுதான் காரணம்." விலங்கு நடத்தை நிபுணர் ரிச்சர்ட் போல்ஸ்கி 2000-ல் எழுதிய ஒரு கட்டுரையை அவர்தான் எனக்குக் காட்டினார். இந்த மாதிரிப் புதைத்த வேலிக்குள் இருந்த 5 நாய்கள் மனிதர்களைக் கடுமையாகத் தாக்கிய சம்பவங்கள் அதில் இருக்கின்றன. ஐந்தை வைத்து எல்லா நாயையும் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் வாசலில் குழந்தைகள் விளையாடும் தெருவில் நான் ஆறாவதாக இருக்கத் தயாராக இல்லை.

பயிற்சியாளர் முதலில் செய்தது, தெருவைப் பார்த்த பக்கம் முழுவதும் எல்லையை உள்ளே இழுத்தது. ஒயரை நடைபாதையில் இருந்து 15 அடி தள்ளிப் புதைக்கச் சொன்னார். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்க்கும் தூரத்தில் எல்லை இருந்தால், நாய் ஆசையோடு ஓடும் ஒவ்வொரு தடவையும் அடி வாங்கும். தள்ளுவண்டிக் கோபத்தை மாற்ற ஏழு மாதம் ஆனது. தூரத்தில் வண்டி தெரிந்தால் கோழித் துண்டு, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தெரிந்தால் இன்னொரு துண்டு. அந்தப் பெண் பொறுமைசாலி, வாரம் இரண்டு நாள் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதையில் எங்களுக்காகவே நடப்பாள். அவளுக்கு நான் கொடுத்த முறுக்கு டப்பாக்களுக்குக் கணக்கே இல்லை.

கழுத்துப் புண் அதே சமயத்தில்தான் வந்தது. பட்டையை நகர்த்தியபோது முனைகள் பதிந்திருந்த இடத்தில் இரண்டு வட்டம், மயிர் உதிர்ந்து, ஈரமாக, நாற்றத்தோடு. கரண்டு சுட்டுவிட்டது என்று அலறிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். சுடவில்லை. ஒரே இடத்தில் மணிக்கணக்காக அழுத்தியதால் தோல் செத்துப்போனது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதுகில் வருமே, அதே புண். நான் காலையில் மாட்டி ராத்திரி படுக்கும்போது கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் போடவே கூடாது, நடுவில் ஒன்றிரண்டு மணிக்கு ஒரு தடவை பட்டையை இடம் மாற்ற வேண்டும் என்று பெட்டியில் வந்த புத்தகத்திலேயே இருந்தது. நான் படிக்கவில்லை. முனைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். தளர்ந்தால் முனை தோலில் படாது, இறுகினால் இந்தக் கதிதான். தினமும் மயிரை விலக்கி விரலால் தடவிப் பாருங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் தெரியாது.

அடுத்தது மான். அக்டோபர் மாத இருட்டு, பின்பக்கத்து ஓடைக் கரையில் மூன்று மான்கள். பிஸ்கட் ஓடிய வேகத்தில் ஒயரைத் தாண்டியது அவனுக்கே தெரிந்திருக்காது. சுரீர் என்று ஒரு விநாடி, அவ்வளவுதான், அதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டான். நாற்பது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தான். வந்தவன் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டான். மான் இல்லை இப்போது, வெறி அடங்கிவிட்டது. உள்ளே வர வேண்டும் என்றால் ஷாக் வாங்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டு, வீட்டு விளக்கைப் பார்த்தபடி முனகிக்கொண்டு நின்றான். போய்ப் பட்டையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தேன். 27 கிலோ, சேறு.

போகும்போது காசு வாங்காமல் விட்டு, வரும்போது மட்டும் வசூலிக்கிற சுங்கச்சாவடி மாதிரி இது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மின்னணு வேலிக்குள் இருந்த நாய்களில் 44 சதவீதம் எப்போதாவது தப்பி ஓடியிருந்தன. கண்ணுக்குத் தெரிகிற வேலிக்குள் இருந்தவற்றில் அது 23 சதவீதம்தான். எனக்கு ஆச்சரியமாக இல்லை. இன்னொன்றும் உண்டு, இந்த வேலி உங்கள் நாயை மட்டும்தான் தடுக்கும். வெளியில் இருந்து வருகிற முரட்டு நாயையோ, கயோட்டி என்ற நரி மாதிரியான காட்டு விலங்கையோ தடுக்காது. உங்கள் நாய் ஓடித் தப்பிக்கவும் முடியாது.

மான் ராத்திரிக்குப் பிறகு ஒரு நண்பர் ரிமோட் காலரைக் கொடுத்தார். கையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கழுத்தில் அதிர்வோ ஷாக்கோ. இவை 1960-களின் கடைசியில் வேட்டை நாய்களுக்காக வந்தவை. நான் இரண்டு வாரம் வைத்திருந்தேன். தினமும் கூப்பிட்டுப் பழக்கியதில், கையில் ரிமோட் இருந்தால் நான் எவ்வளவு சீக்கிரம் கோபப்படுகிறேன் என்பதுதான் தெரிந்தது. ஒருநாள் மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை, அழுத்தினேன். நான் அழுத்திய நொடியில் அவன் என் பக்கம் திரும்பியிருந்தான். வருவதற்குத்தான் அடி என்றாகிவிட்டது. ஜெர்மனியின் ஹனோவர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 2007-ல் 14 பீகிள் நாய்களை வைத்து இதைத்தான் பார்த்தார்கள். எதைச் செய்தால் ஷாக் வரும் என்று புரிந்துகொண்ட நாய்களைவிட, காரணம் புரியாமல் வாங்கியவற்றுக்கு மன அழுத்த ஹார்மோன் மிகவும் கூடியிருந்தது. ஆய்வகத்தில் நேரம் தப்பாது. மழைக்கோட்டும் காப்பிக் கோப்பையுமாக நிற்கிற என்னைப் போன்றவளுக்குத் தப்பும். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே இந்தக் காலர்களைத் தடை செய்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் செல்லப்பிராணிப் பொருள் விற்கும் பெட்கோ கடைகள் 2020-ல் ரிமோட் ஷாக் காலர் விற்பதை நிறுத்தின.

இதில் எனக்கு ஒரே ஒரு இடத்தில் தயக்கம் உண்டு. அரிசோனா மாநிலத்து பீனிக்ஸில் இருக்கும் என் சித்தி மகன், தன் நாயை ராட்டில் பாம்புப் (வாலைக் கிலுகிலுக்கும் விஷப் பாம்பு) பயிற்சிக்குக் கூட்டிப்போனான். பாம்பின் வாசனையும் சத்தமும் வரும்போது, அனுபவமுள்ள ஒருவர் ஒரே ஒரு ஷாக் கொடுத்து விலகி ஓடப் பழக்குவார். வீட்டுக் கொல்லையிலேயே ராட்டில் பாம்பு வருகிற ஊர் அது. அவனைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாய் அங்கே தப்பாகப் புரிந்துகொள்ள எதுவும் இல்லை. பாம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டும், பயப்படுகிறது.

ஜி.பி.எஸ் காலர் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஒயர் புதைக்க வேண்டாம், போன் திரையில் கோடு வரைந்தால் போதும். பெரிய பண்ணைக்குச் சரி. எங்கள் மாதிரிச் சின்ன இடத்தில், உயரமான மரங்களுக்கு அடியில், கோடு இன்று ஓரிடம் நாளை ஓரிடம். நகரும் கோட்டை நாய் எப்படிக் கற்றுக்கொள்ளும்?

ஒயர் வேலியோடு இருக்கப் போகிறவர்கள் பராமரிப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். புல்வெட்டுகிறவர் ஓரம் வெட்டும் இயந்திரத்தால் ஒயரை வெட்டுவார். டிரான்ஸ்மிட்டர் கத்தும், எங்கே அறுந்தது என்று சொல்லாது. பழைய கையடக்க ஏ.எம். ரேடியோ ஒன்றைக் கீழ்க்கோடி அலைவரிசையில் வைத்து ஒயர் நெடுக நடந்தால் டிக் டிக் என்று கேட்கும், சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கே தோண்டுங்கள். ஒட்டுப் போடும் இடத்தில் தண்ணீர் புகாத, ஜெல் நிரப்பிய மூடி போட வேண்டும், வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்குத் தாங்காது. இடி மின்னல் வருகிற ஊரானால் சர்ஜ் புரொடக்டர் இல்லாமல் வைக்காதீர்கள், எங்கள் முதல் பெட்டி ஒரு ஜூலை மாதத்தோடு போய்விட்டது. ரிசீவர் பேட்டரி ஒன்றிரண்டு மாதம்தான் வரும். மாதம் ஒரு தேதி குறித்து மாற்றுங்கள்.

நாங்கள் கடைசியில் வேலியே போட்டுவிட்டோம். எச்.ஓ.ஏ-வுக்கு இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது மர வேலியை விட்டுவிட்டு, நாலடி உயரக் கறுப்பு அலுமினிய வேலி என்று, கொல்லையை மட்டும் காட்டி வரைபடம் கொடுத்தேன். தெருப் பக்கம் பத்தடி விட்டுக்கொடுத்தோம். அனுமதி வந்தது. அதை முதலிலேயே செய்திருக்கலாம். ஒரு மறுப்புக் கடிதத்தோடு விட்டுவிட்டோமே என்பதுதான் வருத்தம். பட்டை இப்போது கார் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது.

பிஸ்கட்டுக்கு யாரும் சொல்லவில்லை. முன்வாசல் பாதையில், கொடி நட்டிருந்த இடம் வந்தால் இன்னும் நின்றுவிடுகிறான். கயிறு மாட்டி இழுத்தாலும் நாலு காலையும் ஊன்றிவிடுவான். புதிதாகப் போடுகிறவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். முதல் வாரத்தில் இருந்தே, பட்டையைக் கழற்றி, வேறு கயிறு மாட்டி, எப்போதும் ஒரே இடத்தின் வழியாக வெளியே கூட்டிப் போங்கள். அந்த இடம் நாய்க்கு வாசல் ஆகிவிடும். நாங்கள் அப்படி ஒரு வாசலை வைக்கவே இல்லை. கால்நடை மருத்துவரிடம் போகும்போது காரில் ஏற்றிக்கொண்டுதான் எல்லையைத் தாண்டியிருக்கிறோம். அதனால் அவன் கணக்கில் கார் மட்டும்தான் பத்திரமான வழி.

போன மாதம் அம்மா மறுபடி வந்திருந்தாள். சாயங்கால நடைக்கு பிஸ்கட்டைக் கூட்டிப் போவது அவள் பொறுப்பு. நான் காரை எடுப்பேன், அவள் அவனோடு பின்சீட்டில் ஏறி உட்காருவாள். இருபதடி ஓட்டித் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். அம்மா சேலையைச் சரி செய்துகொண்டு கதவைத் திறப்பாள்.

"எறங்குல பிஸ்கோத்து. ஊரு வந்துட்டு."